இசக்கி ஏற்றிய காரணம்

உப்போடைப் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட், பிள்ளைகளை வெளியே விட மாட்டேன் என்று காலை ஊன்றி நின்ற அந்தத் தை மாதத்தில், ஊரில் முருங்கை கிளை முறியக் காய்த்திருந்தது, இரண்டு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் நடந்தன, உப்பு ஏற்றிய லாரி ஒன்று கோயில் கொடைக்குப் போட்ட பந்தலையும் தலையில் மாட்டிக்கொண்டு பைபாஸ் வரைக்கும் போய்விட்டது. ஆகையால் கேட்டைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்க ஊர்க்காரர்களுக்கு நேரம் இல்லை, பேசின கொஞ்ச நேரத்திலும் ஏன் நிற்கிறது என்று எவரும் கேட்கவில்லை, யாருக்காக நிற்கிறது என்றுதான் கேட்டார்கள்.

யாருக்காக என்றால், இசக்கிக்காக.

இசக்கி பத்தாம் வகுப்பு பி பிரிவு. அம்மா பொன்னுத்தாய் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அப்பா லாரியில் மூடை ஏற்றுகிறவர். ஏற்றின லாரியிலேயே தானும் ஏறி எந்த ஊருக்காவது போய்விட்டு, நினைப்பு வந்தால் வருகிறவர். அந்த வீட்டுப் பிள்ளையின் வாய்க்குள் ஊர் மொத்தமும் குடியிருந்தது. “ஏறு ஏறு ஏறு, உள்ள போ, உள்ள பந்து விளையாடலாம், அம்புட்டு இடங்கிடக்கு” என்கிற மினிபஸ் கண்டக்டர் இருந்தார், மீன்காரி இருந்தாள், மாதா கோயில் மைக்கின் கரகரப்பு இருந்தது, தண்ணீர் வராத நாளில் தெருக்குழாய் விடுகிற ஏப்பம்கூட இருந்தது. எல்லாருக்கும் மேலே மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார் தலைமையாசிரியர் அருணகிரி சார். “ஆகவே, அன்பார்ந்த மாணவச் செல்வங்களே” என்பதில் அந்த ‘ஆகவே’யை மட்டும் ஒருநாள் அவள் ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் குரலில் எடுத்து விட்டாள், உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். பிறகு பாதிப் பேர் அடிக்க வந்தார்கள், மீதிப் பேர் “இன்னொரு தடவை செய்யிட்டி” என்று மெதுவாகக் கேட்டார்கள். கணக்கு ஒன்றுதான் அவள் வாய்க்கு வசப்படவில்லை. கணக்கு சாரைப் போலவே அச்சுப் பிசகாமல் சாக்பீஸைத் தட்டித் தட்டிப் பேசுவாள், பேசி முடித்துப் பார்த்தால் விடை தப்பாக இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு பேரும் தேறிவிடுவார்கள். எப்படித் தேறுவார்கள் என்றால், தேறாதவர்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், அரசாங்கத்துக்குப் பெயர்கள் போவதற்கு முன்னால், பெயிலாகப் போகிற பிள்ளைகளின் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, மிக்சர் கொடுத்து, “தனித்தேர்வரா எழுதட்டும், பிள்ளைக்கு மன அழுத்தம் இருக்காது” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்கிப் போன பிள்ளைகளில் ஒருவர்கூட எந்தத் தேர்வும் எழுதினதில்லை. பையன்கள் லாரிக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் அளத்துக்குப் போனார்கள். அந்த வழக்கத்துக்கு சார் வைத்திருந்த பெயர் ‘மாற்று வழிகாட்டுதல்’. ஊர் வைத்திருந்த பெயர் ‘களையெடுப்பு’. உப்போடைக்காரர்களுக்கு மிக்சர் கொடுத்தால் பயம் வந்துவிடும்.

அந்த வருஷம் மிக்சர் வாங்க வேண்டியவர்கள் ஐந்து பேர் என்று பேச்சு அடிபட்டது. இசக்கி தன் பெயரைத் தானே சாருடைய குரலில் வாசித்துக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைத்தாள். எல்லாரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஜெபராணி மிஸ் அந்த விளையாட்டை வைத்தார்கள்.

ஜெபராணி மிஸ் தற்காலிக ஆசிரியை, தமிழ். சேலை கட்டினால்தான் மிஸ், சுடிதார் போட்டால் பன்னிரண்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பே சாம்பார் மயக்கத்தில் சாய்ந்து கிடந்த ஒரு நாள், அணி இலக்கணப் பாடத்தைத் திறந்தார்கள், மூன்றாவது பெஞ்சில் ஒருத்தன் குறட்டை விட்டதைக் கேட்டார்கள், புத்தகத்தை மூடினார்கள்.

“எல்லாரும் எந்திரிங்க. அணி எதுவும் இந்தப் புத்தகத்துல இல்ல. எல்லாம் இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கு. ஒரு பெஞ்சுக்கு ஒரு அணி. பெல் அடிக்குமுன்ன பிடிச்சிட்டு வரணும். யார் வாயில இருந்து பிடிச்சாலும் சரி, எந்தச் சுவத்துல இருந்து பிடிச்சாலும் சரி.”

“செத்ததா உயிரோடயா மிஸ்?” என்று கேட்டது இசக்கி.

“உயிரோட.”

பிள்ளைகள் கோழி பிடிக்கிற மாதிரி ஓடினார்கள். முதல் பெஞ்சு, சத்துணவு சமைக்கிற தங்கப்பழம் அக்காவையே கரண்டியோடு இழுத்துக்கொண்டு வந்தது, “கருப்பட்டியில எறும்பு மொய்ச்ச மாதிரி வந்து விழுறியளேன்னுதான் சொன்னேன், அதுக்கு எதுக்குலே என்னைய இழுக்கிய?” என்று அக்கா சொல்ல, உவமை உவமை என்று வகுப்பு கத்தியது. இரண்டாவது பெஞ்சு, வாட்ச்மேன் யாக்கோபு அண்ணாச்சியிடமிருந்து ‘மூட்டுவலிப் பேய்’ என்று ஒரு உருவகத்தைப் பிடித்து வந்தது. மூன்றாவது பெஞ்சுக்கு உயர்வு நவிற்சி. அவர்கள் தேடவே போகவில்லை, “இன்னைக்குப் பிரேயர்ல எச்செம் சார் பேசினது பூராவும் மிஸ்” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். மிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு மார்க் போட்டார்கள்.

கடைசிப் பெஞ்சுக்கு வந்தது தற்குறிப்பேற்றம்.

“அது என்ன மிஸ், பேரே பாக்கு இடிக்க மாதிரி இருக்கு?”

“லேசுதான் இசக்கி. ஒரு காரியம் அதுபாட்டுக்கு நடக்கும். அதுக்கு ஒரு காரணம் உண்டு, எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம். அதைத் தள்ளிட்டு, உன் மனசுல இருக்கிற காரணத்தைத் தூக்கி அதுமேல ஏத்தணும். உன் மனசுல உள்ளதா இருக்கணும். அவ்வளவுதான்.”

இசக்கி வெளியே போனாள். நின்றாள். பிறகு திரும்பி வந்து வகுப்பை முழுசாக, மிஸ்ஸையும் கரண்டியோடு நின்ற அக்காவையும் சேர்த்து, வாசல் கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடல்காற்றில் உப்பேறித் துருப்பிடித்த கேட் அது. தினமும் தரையில் உராய்ந்து, முனகி, பாதியில் நின்றுவிடும், யாக்கோபு அண்ணாச்சி தோளைக் கொடுத்துத் தள்ளுவார்.

“இது துருப்பிடிச்சு இறுகல மிஸ்,” என்றாள் இசக்கி. ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். யாருடைய குரலையும் எடுக்கவில்லை, அவசரத்தில் மறந்துவிட்டது. “டி.சி. கொடுத்து அனுப்புத பிள்ளைய வெளிய விடக்கூடாதுன்னு காலை ஊனி நிக்கி.”

கேட் லேசாக ஒரு தடவை நெட்டி முறித்தது. காற்றாக இருக்கும்.

“முழு மார்க்,” என்றார்கள் மிஸ்.

“மார்க் போடுமளவுக்கு இங்கே என்ன கூத்து நடக்கிறது?” என்று பின்னால் ஒரு குரல். எல்லாரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியிருந்தது. அசல் அருணகிரி சார்தான் நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய்க்கு மிக்சர் வந்தது.

பொன்னுத்தாய் அளத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கணுக்கால் வரைக்கும் உப்புப் பூத்து வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மிக்சரைத் தொடவில்லை. “வா மக்கா,” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, டி.சி.யை முந்தானையில் சுற்றிக்கொண்டு, வாசலுக்கு நடந்தாள்.

அதுவரை ஒரு தள்ளுக்கு வந்துகொண்டிருந்த கேட் வரவில்லை. யாக்கோபு அண்ணாச்சி தோளைக் கொடுத்தார், முதுகைக் கொடுத்தார், மூட்டுவலிப் பேயையும் கூடச் சேர்த்துக் கொடுத்தார். எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அரிசி மூடையோடு ஒரு ஆட்டோ வெளியிலிருந்து வந்தது. கேட் வெண்ணெய் மாதிரி வழுக்கித் திறந்தது, ஆட்டோ உள்ளே வந்தது, பொன்னுத்தாய் காலடி எடுத்து வைத்தாள், கேட் மூடிக்கொண்டது. குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொள்கிற மாதிரி, மெதுவாகத்தான் மூடிக்கொண்டது.

“டி.சி.ய அக்காகிட்ட குடுத்துட்டு வா, பாப்பம்,” என்றார் யாக்கோபு. பொன்னுத்தாய் அதைத் தங்கப்பழம் அக்காவிடம் கொடுத்தாள். கேட் திறந்தது. வாங்கினாள். மூடியது. அக்கா அதைக் கரண்டிப் பிடியில் செருகிக்கொண்டு தானே போய்ப் பார்த்தாள். அக்காவை விட்டது, கரண்டியை விடவில்லை.

“சரிதான்,” என்றார் யாக்கோபு, தோளைத் தேய்த்துக்கொண்டு. “பிள்ள சொன்னபடிதான நிக்கி. இதுல தப்பு ஒண்ணும் இல்லையே.” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

ஆபீஸ் கிளார்க் சட்டம் தெரிந்தவர். பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத டி.சி., கொடுத்த கணக்கில் சேராது என்றார். ஆகையால் டி.சி. மேசை டிராயருக்குத் திரும்பிப் போனது, இசக்கி வகுப்புக்குத் திரும்பிப் போனாள். மற்ற நாலு பேருக்கும் அதே கதைதான். சார் சுவரேறிக் கொடுக்கப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி வாங்க ஊரில் ஒரு கை கிடைக்கவில்லை. தபாலில் அனுப்பப் பார்த்தார்; தபால்காரர் வெளியே போகப் போக, பை உள்ளேயே நின்றது.

அதற்குள் ஊருக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது.

பத்தாம் வகுப்பு பி பிரிவு வீட்டுக்கு வீடு போய் விளக்கிச் சொன்னது: அதுபாட்டுக்கு நடக்கிற காரியம் ஒன்று வேண்டும், அதன்மேல் ஏற்ற மனசில் ஒரு காரணம் வேண்டும். ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போகிற மாதிரித் தேட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்கு எதிரில் தினமும் நின்றுபோகிற மினிபஸ்ஸைப் பற்றி, “இஞ்சின் மக்கர் இல்லவே, அதுக்கும் ஒரு டீ வேணும், எனக்கு வேண்டாமா?” என்று கண்டக்டர் சொல்லிவிட்டார், அன்றிலிருந்து ரேடியேட்டரில் அரை டம்ளர் இஞ்சி டீ ஊற்றினால்தான் பஸ் நகரும், ஊற்றினால் தூத்துக்குடி வரைக்கும் எங்கேயும் நிற்காது. பால்காரர் எரேமியா, மாடு உதைப்பதற்குக் காரணம் ஈ இல்லை, தான் பாலில் ஊற்றுகிற தண்ணீர்தான் என்று குடிபோதையில் ஏற்றிவிட்டார். போதை தெளிந்தாலும் காரணம் இறங்கவில்லை, தண்ணீர்ச் செம்பைத் தொட்ட காலைகளில் மாடு அவரைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்தியது, ஊரில் பால் கெட்டியானது. அடுப்புப் புகையில் தினமும் கண் கலங்கிக்கொண்டிருந்த தங்கப்பழம் அக்கா, “விறகு ஈரம்னு நினைக்கிய. நான் எம்மவன நெனச்சு அழுதுகிடதுக்குத் தோதா அது வருது” என்றாள், மகன் வளைகுடாவில் இருந்தான், பேசி ரொம்ப நாளாகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை வருகிற நேரத்தில் மட்டும்தான் புகை வந்தது. மற்ற நேரமெல்லாம் ஈர விறகு நீலமாக எரிந்தது, சாம்பார் சீக்கிரம் கொதித்தது.

ஆனால் எல்லாருக்கும் பலிக்கவில்லை. அளத்து முதலாளி கொடை மேடையில் மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் மழை தள்ளிப்போவது தன்மேல் உள்ள மரியாதையால்தான் என்றார். அன்று சாயங்காலம் ஒரே ஒரு மேகம் வந்தது, அவருடைய உப்பு அம்பாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் மட்டும் பெய்துவிட்டுப் போனது. “மனசுல இல்லாததை ஏத்தினா கவுந்திரும்,” என்று யாக்கோபு அண்ணாச்சி ஸ்டூலில் இருந்தபடி தீர்ப்புச் சொன்னார். ஊர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டது. கல்யாணம் பேசப் போகிறவர்கள்கூட, பல்லி சொன்னதற்குக் காரணம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி உள்ளே பார்த்துக்கொண்டார்கள்.

தாளாளர் சென்னையில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வருஷத்தில் ஒருநாள், ரிசல்ட் அன்று, மாலையோடு வருகிறவர். அவர் தினமும் போன் பண்ணினார். ஒரு நாள் இசக்கி ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே செருப்புத் தேடுகிற சாக்கில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரல் வந்தது. “சரிங்கய்யா… இல்லங்கய்யா… அஞ்சும் போயிரும்ங்கய்யா… எனக்கு இன்னும் ஒரு வருஷந்தான்ங்கய்யா சர்வீசு…” மெலிந்த, சின்ன, முழங்காலில் நிற்கிற குரல். யார் இந்த ஆள் என்று எட்டிப் பார்த்தாள். அருணகிரி சார்.

மறுநாள் பிரேயரில் சார் மைக்கைத் தட்டினார்.

“ஆகவே, அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! இந்த இரும்புக் கதவு ஏன் இப்படி நிற்கிறது? துருவினால் அல்ல! யாரோ பிதற்றியது போல வேறு எதனாலும் அல்ல! பன்னெடுங்காலமாக இப்பள்ளி ஈட்டிய நூற்றுக்கு நூறு என்னும் பெருமையைக் காக்கவே, தகுதியற்றோர் வெளியேறும் அந்த நன்னாளுக்காகவே, அது காவல் காத்து நிற்கிறது!”

பள்ளிக்கூடமே கழுத்தைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தது. காற்று நின்றது. அவர் ஏற்றினது ஏறிக்கொண்டால் இசக்கிக்கு இன்றைக்கே அளம்தான்.

கேட் யோசித்தது. பிறகு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு வெள்ளாடு உள்ளே வந்து, சாரைப் பார்த்து, கொடிமரத்தடியில் புழுக்கை போட்டது.

சிரிப்பு ஆறாம் வகுப்பிலிருந்து அலையாகக் கிளம்பி வந்தது. “சிரிக்காதீங்கலே,” என்று யாக்கோபு அதட்டிவிட்டு, சாரிடம் மரியாதையாகவே சொன்னார்: “சார், அது உங்க மனசுல உள்ளதா இருக்கணுமாம்.”

“என் மனசில் என்ன இருக்கிறதென்று உமக்குத் தெரியுமா?”

அண்ணாச்சிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு வரிசையிலிருந்து பதில் வந்தது, மெலிந்து, சின்னதாக, முழங்காலில் நின்றுகொண்டு: “சரிங்கய்யா… அஞ்சும் போயிரும்ங்கய்யா… எனக்கு ஒரு வருஷந்தான்ங்கய்யா…”

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலை விடாமல் இருந்திருக்கலாம் என்று இசக்கி ஒரு கணம் நினைத்தாள், மறுகணம் நினைக்கவில்லை. சார் மைக்கை அணைக்க மறந்து கீழே இறங்கிப் போனார். ஒலிபெருக்கி அவருடைய செருப்புச் சத்தத்தை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

அன்று சாயங்காலம் பொன்னுத்தாய் மகளுக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: “ஏத்தினத இறக்கிரு மக்கா. பெரிய மனுசங்களோட நமக்கு எதுக்கு? நீ ஏத்தினத நீதான் இறக்க முடியுமாம்.”

“என் மனசு மாறினாத்தானம்மா அது மாறும். எப்படி மாத்தச் சொல்லுத?”

“அளத்துல என்ன, நான் இல்லையா? சோறு திங்காமயா இருக்கேன்?”

இசக்கி அம்மாவின் பாதத்தைப் பார்த்தாள். வெடிப்புக்குள் உப்பு இறங்கிக் கோடு கோடாக வெள்ளை. “நான் கணக்குல பெயிலாவேன்மா. சத்தியமா பெயிலாவேன். ஆனா பரிச்சை எழுதித்தான் பெயிலாவேன். எழுதாமலே பெயிலு போட இவிய யாரு?”

பொன்னுத்தாய் சடையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள்.

தாளாளர் சென்னையிலிருந்து யோசித்ததில் வழி சுலபமாகக் கிடைத்தது. கேட்தானே விடமாட்டேன் என்கிறது, கேட்டை எடுத்துவிடு. திங்கட்கிழமை காலை லாரி வந்தது, கேஸ் கட்டரோடு இரண்டு பேர் வந்தார்கள். கீல்களை அறுத்தார்கள், நீலத் தீ பொரிந்தது. ஊரே தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று, கேட் ஏதாவது செய்யும் என்று காத்திருந்தது. கேட் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அதற்குக் காரணம் ஏற்றியிருந்தார்கள்; தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காரணம் அதன்மேல் ஒருவரும் ஏற்றியிருக்கவில்லை. சாய்த்தார்கள், தூக்கினார்கள், லாரியில் போட்டார்கள். அது பழைய இரும்புக் கடைக்குப் போனது. அந்தக் கடைக்காரர் அதை வாசலில் மாட்டினாராம். வீட்டார் வேண்டாம் என்று தள்ளிவிட்ட தொட்டிலும் நடைவண்டியும் தையல் மிசினும் உள்ளே வந்தவைதான், உடைக்க வெளியே போக மறுத்துவிட்டனவாம், கடைசியில் அவர் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டாராம். அது வேறு கதை.

இங்கே, கேட் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம் இருந்தது.

சார் டி.சி.யை நீட்டினார். பொன்னுத்தாய் வாங்கவில்லை. இசக்கி வாங்கிக்கொண்டாள். “போகலாம்,” என்றார் சார். எந்தக் குரலிலும் சேராத ஒரு குரலில் சொன்னார்.

இசக்கி நடந்தாள். கேட் உராய்ந்து உராய்ந்து தரையில் விழுந்த கால்வட்டக் கோடு வரைக்கும் வந்தாள். எதிரே ரோடு, டீக்கடை, மினிபஸ், அதற்குப் பின்னால் கண்ணைக் கூச வைக்கிற அளம். வாய்க்குள் குடியிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டாள். கண்டக்டர் வரவில்லை. மீன்காரி வரவில்லை. இல்லாத கேட்டின்மேல் எதை ஏற்றுவது? ஏற்றுவதற்கு அங்கே ஒன்றும் நடந்துகொண்டிருக்கவில்லை, அவள் நின்றுகொண்டிருந்ததைத் தவிர.

அவள் கோட்டின்மேல் காலை ஊன்றினாள்.

“கேட்டு போயிட்டு சார். நான் போகல.”

“காரணம்?”

“காரணம் ஒண்ணும் ஏத்தல. நான் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ள. நிக்கேன்.”

மாடியிலிருந்து ஜெபராணி மிஸ் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். தற்காலிக வேலை, வாயைத் திறந்தால் நிரந்தரமாகப் போய்விடும் என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். வந்து இசக்கிக்குப் பக்கத்தில் நின்று, வகுப்புக்குச் சொல்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்கள்:

“உள்ளதை உள்ளபடி சொன்னா, அதுக்கும் ஒரு அணி உண்டு. தன்மை அணி. அன்னைக்கு இதைத் தேட நான் யாரையும் அனுப்பல.”

“மார்க் உண்டா மிஸ்?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். மூன்றாவது பெஞ்சுக் குறட்டைக்காரன். அவனும் ஐந்து பேரில் ஒருத்தன். வந்து நின்றான். பிறகு மற்ற மூன்று பேர். பிறகு பி பிரிவு, பிறகு ஏ பிரிவு, பிறகு எதற்கென்றே தெரியாமல் ஆறாம் வகுப்பு. தோளோடு தோள் இடித்து, கேட் அகலத்துக்கு நின்றார்கள். கடைசியில் பொன்னுத்தாய் வந்து கோட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “நீங்க எதுக்கும்மா?” என்று சார் கேட்டார். “உச்சி வெயில்ல உப்புத் தண்ணியில நாள் பூரா நிக்கவ சார். இங்க நிழல்ல இருக்கதுக்கு என்ன வலிக்குதாம்?” என்றாள்.

சாயங்காலம் மணி அடித்தது. சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வழிவிட்டார்கள். வாத்தியார்களுக்கு வழிவிட்டார்கள். வெள்ளாட்டுக்கும் வழிவிட்டார்கள். பரிச்சை எழுதுகிறவர்களின் பெயர்களைக் கொண்டுபோக கிளார்க் பையோடு வந்தபோது மட்டும் தோள்கள் இறுகிக்கொண்டன.

“அஞ்சு பேரும் இருக்காவளா உள்ள?” என்று பொன்னுத்தாய் பையைக் காட்டிக் கேட்டாள்.

கிளார்க் சாரைப் பார்த்தார். சார் தெருவைப் பார்த்தார். தெருவில் ஊர் நின்றது. தங்கப்பழம் அக்கா கரண்டியோடு நின்றாள், மினிபஸ் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. சாருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. சென்னை. அடித்தது, அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. கிளார்க்கின் பையை வாங்கிப் பட்டியலை எடுத்து, அவர் முதுகையே மேசையாக வைத்துக்கொண்டு, ஐந்து பெயர்களை எழுதினார். இசக்கி பக்கத்தில் நின்று பார்த்தவள், தன் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார் என்று மட்டும் சொல்வாள்.

வழி விட்டார்கள்.

கேட் போனதோடு ஊரிலும் காரணங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டன. மினிபஸ் பழையபடி இஞ்சின் மக்கரினால் நின்றது. ஊர் அதையும் ஏன் என்று கேட்கவில்லை.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. களையெடுக்க இருந்த ஐந்து பேரில் நாலு பேர் தேறியிருந்தார்கள். குறட்டைக்காரன் தமிழில் பள்ளிக்கூடத்திலேயே முதல். மாலையோடு வந்திருந்த தாளாளர் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். வாசல் நெடுகக் கூட்டம். பத்திரிகைக்காரர் ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டு அருணகிரி சாரிடம் வந்தார்.

“சார், இந்த வருஷமும் நூத்துக்கு நூறுதானே?”

சார் தொண்டையைச் செருமினார். ‘ஆகவே’ வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“ஒண்ணு குறையுது,” என்றார்.

கூட்டம் விலகியது. பின்னாலிருந்து இரட்டைச் சடையோடு ஒருத்தி முன்னால் வந்தாள். புதுப் பாவாடை கட்டியிருந்தாள், பொட்டு வைத்திருந்தாள், அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“அந்த ஒண்ணு நான்தான்,” என்றாள் இசக்கி. “பேரை எழுதிக்கோங்க.”